ஃபெண்டர் '63 ரீவெர்ப்: சர்ஃப் கிட்டாருக்கு உயிர் கொடுக்கும் ஸ்பிரிங் பெட்டி

சர்ஃப் ராக் (1960களில் கலிஃபோர்னியக் கடலோரத்தில் பரவிய கிட்டார் இசை) வாசிக்கிறீர்கள், ரீவெர்பில், அதாவது செயற்கை எதிரொலியில், சொட்டச் சொட்ட நனைந்த அந்தக் கிட்டார் சத்தம்தான் வேண்டும் என்றால் இந்தப் பெட்டிக்குத் தாராளமாகக் காசு போடலாம். ப்ளூஸ் மட்டும் வாசிப்பவருக்கு இது தேவையில்லை. ரீவெர்ப் உள்ளேயே இருக்கும் நல்ல ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) ஒன்று போதும். இரண்டையும் வாசிக்கிறவர்களுக்குத்தான் முடிவெடுப்பது கொஞ்சம் சிரமம். இந்த விமர்சனம் பெரும்பாலும் அவர்களுக்காக.

1961இல் ஃபெண்டர் கொண்டுவந்த 6ஜி15 என்ற தனி ரீவெர்ப் பெட்டியின் மறுபதிப்பு இது. மூலப் பெட்டி 1966 வரை தயாரிப்பில் இருந்தது. மறுபதிப்பு 1990களில் வந்தது. இப்போது தேடினால் பெரும்பாலும் கைமாறி வரும் பெட்டிகளே கிடைக்கும். முகப்பில் மூன்று குமிழ்கள்: டுவெல் (ஸ்பிரிங்கை அடிக்கும் பலம்), மிக்ஸர் (கலக்கும் ரீவெர்பின் அளவு), டோன் (ரீவெர்பின் கூர்மை). உள்ளே மூன்று வால்வுகள், அடியில் நீளமான ஒரு ஸ்பிரிங் டேங்க் (ஒலியைச் சுருள் கம்பிகள் வழியாக அனுப்பி எதிரொலிக்க வைக்கும் பகுதி). ரீவெர்பை நிறுத்தவும் சேர்க்கவும் ஒற்றைப் பொத்தான் ஃபுட்சுவிட்ச். ஸ்பீக்கர் கிடையாது. கிட்டாரின் கேபிள் இதற்குள் போகும், இதிலிருந்து கிளம்பும் கேபிள் ஆம்பின் இன்புட்டுக்குப் போகும். அவ்வளவுதான் இணைப்பு. ஆனால் ஆம்புக்கு முன்னால் இருப்பதில்தான் இதன் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது.

ஃபெண்டரின் ட்வின் ரீவெர்ப் போன்ற ஆம்ப்களில் ரீவெர்ப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கே கிட்டார் சிக்னல் முதலில் ஆம்பின் ப்ரீஆம்பையும் (முதல் கட்டப் பெருக்கம்) டோன் குமிழ்களையும் தாண்டுகிறது. அதன் பிறகுதான் அதில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்குப் போகிறது. ஸ்பிரிங்கை ஆட்டுவது 12ஏடி7 என்ற சிறிய வால்வு. வாசிப்பவர் கையில் இருப்பது ஒரே குமிழ். திரும்பி வரும் ரீவெர்ப் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்பது அவர் கையில் இல்லை.

தனிப் பெட்டியில் கம்பியைத் தட்டிய அடி கிட்டத்தட்ட அப்படியே உள்ளே வந்து, ஒரு பவர் வால்வின் வலுவோடு ஸ்பிரிங் மேல் விழுகிறது. அந்த அடியின் பலத்தைத்தான் டுவெல் குமிழ் கட்டுப்படுத்துகிறது. நனைந்த (ரீவெர்ப் ஏறிய) ஒலியும் உலர்ந்த (ரீவெர்ப் இல்லாத) ஒலியும் கலந்த பிறகு, மொத்தத்தையும் ஆம்பின் முதல் வால்வு வாங்கிப் பெரிதாக்குகிறது. அதனால் ரீவெர்பின் சின்னச் சின்ன நெளிவுகள்கூட முன்னால் வந்து நிற்கின்றன. சர்ஃப் வாசிப்பவர்கள் 'டிரிப்' என்று சொல்லி உயிரை விடுவது இந்தச் சத்தத்துக்குத்தான்.

கிட்டக் கேட்டால் அது இப்படி இருக்கும். தடித்த ஆறாவது கம்பியைப் பிரிட்ஜ் ஓரமாக உள்ளங்கையால் லேசாக அமுக்கி, கனமான பிக்கால் ஒருமுறை தட்டுங்கள். முதலில் 'டொக்' என்ற உலர்ந்த தட்டல் கேட்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு ஒரு 'ட்யூப்'. நீளமான நான்காம் வகை டேங்கில் ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர ஒரு ஸ்பிரிங்கில் சுமார் 33 மில்லி செகண்டும், மற்றதில் சுமார் 41 மில்லி செகண்டும் ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேராததால் எதிரொலி அச்சடித்ததுபோல் இருக்காது. தவிர, சுருள் கம்பிக்குள் எல்லாச் சுருதியும் ஒரே வேகத்தில் பயணம் செய்வதில்லை. ஒரே தட்டலாக உள்ளே போனது, பிரிந்து வழுக்கலாக வெளியே வருவது அதனால்தான். கம்பியை அமுக்காமல் நீளமாக ஒலிக்க விட்டால் இந்த விளைவு பாதிகூடத் தெரியாது. அமுக்கித் தட்டும் கை பழகாதவர் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தி வெஞ்சர்ஸ் குழு 1958இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் தொடங்கியது. 'வாக், டோன்ட் ரன்' மெட்டை அவர்கள் 1960இல் வாசித்து வெளியிட்டபோது அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. அதே மெட்டை 1964இல் சர்ஃப் பாணியில் மறுபடியும் வாசித்தார்கள். அது 8ஆம் இடம் வரை ஏறியது. ஒரே குழு, ஒரே மெட்டு, நான்கு வருட இடைவெளி. இரண்டையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டால் ரீவெர்ப் என்ன செய்திருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெட்டி வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள். 1960 பதிப்பின் உலர்ந்த தெளிவுதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால், காசு மிச்சம்.

அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. கலிஃபோர்னியாவின் தி பெல்-ஏர்ஸ் 1961இல் 'மிஸ்டர் மோட்டோ' வெளியிட்ட குழு, சர்ஃப் இசையின் முன்னோடிகளில் ஒன்று. அதன் இரு கிட்டார் கலைஞர்களில் எட்டி பெர்ட்ரண்டுக்கு ரீவெர்ப் வேண்டும், பால் ஜான்சனுக்கு வேண்டாம். இந்தக் கருத்து வேறுபாடும் சேர்ந்துதான் குழு 1963இல் உடைந்தது. பெர்ட்ரண்ட் வெளியேறி எட்டி அண்ட் தி ஷோமென் என்று சொந்தக் குழு அமைத்தார். குழுவின் பெயரே ஃபெண்டரின் ஷோமேன் ஆம்பை நினைவூட்டும். ஜான்சன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: இரண்டு கிட்டார்கள் பின்னிப் பின்னிப் பேசும் இசையில், இரண்டுமே ரீவெர்பில் மூழ்கினால் எது யாருடைய வரி என்று தெரியாமல் போய்விடும். இன்றும் அதே விதிதான். இரண்டு கிட்டார் இருக்கும் குழுவில் மெட்டு வாசிப்பவர் மட்டும் மிக்ஸரை ஏற்றட்டும். தாளக் கிட்டார் 3க்கு மேல் போக வேண்டாம்.

கிட்டார் கலைஞர் டிக் டேல் பெயர் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1961இல் வந்த அவருடைய 'லெட்ஸ் கோ டிரிப்பின்' பதிவைத்தான் சர்ஃப் ராக்கின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். அதில் இந்த ஈரச் சத்தமே இல்லை. பால்போவாவின் ரெண்டேவூ பால்ரூமில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வாசித்த அவர் ஆம்ப்களைப் புகைய வைக்க, ஃபெண்டர் நிறுவனர் லியோ ஃபெண்டர் அவருக்காகவே பெரிய ஆம்ப்களைச் செய்து பார்த்தார். 85 வாட் ஷோமேனும் அதற்கான 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும் அப்படி வந்தவை. ரீவெர்பைத் தன் குரலுக்காகத்தான் முதலில் கேட்டதாக டேல் சொல்லியிருக்கிறார். கிட்டாரில் செருகிப் பார்த்தது பிறகு.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்த ஆம்பைத்தான். ஷோமேன் நிறைய வாட் உள்ள, கரகரக்காமல் சுத்தமாக ஒலிக்கும் ஆம்ப். இந்தப் பெட்டிக்குப் பின்னால் அப்படிப்பட்ட ஆம்ப்தான் இருக்க வேண்டும். 5 வாட் அல்லது 15 வாட் வால்வு ஆம்பை முழுதாகத் திருகி, கரகரக்க வைத்து வாசிப்பவர் இதை முன்னால் செருகினால் ரீவெர்பும் சேர்ந்து கரகரத்துச் சேறாகிவிடும். காரணம் எளிது: ரீவெர்ப் முடிந்த பிறகு டிஸ்டார்ஷன் நடக்கிறது. கரகரப்பு வேண்டும் என்றால் ஃபஸ் அல்லது ஓவர்டிரைவ் பெடலைக் கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து, ஆம்பைச் சுத்தமாக விடுங்கள்.

இனி குமிழ்கள். சர்ஃபுக்கு டுவெல் 5, மிக்ஸர் 6, டோன் 6 என்று தொடங்கினால் பெரும்பாலான ஸ்ட்ராடோகாஸ்டர், ஜாஸ்மாஸ்டர் கிட்டார்களுக்குச் சரியாக வரும். பிரிட்ஜ் பிக்கப்பில் காதைக் குத்தினால் ஆம்பின் டிரெபிளில் கை வைப்பதற்கு முன் பெட்டியின் டோனை 4க்கு இறக்குங்கள். அது நனைந்த ஒலியை மட்டும் மழுக்கும், உங்கள் தட்டல் கூர்மையாகவே இருக்கும். டிக் டேல் பாணியில் மேலும் கீழுமாக வேகமாக அடிக்கும் டபுள் பிக்கிங் வந்தால் மிக்ஸரை ஒரு புள்ளி குறையுங்கள். இல்லையென்றால் ரீவெர்பின் வால்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மெட்டை மூடிவிடும். மெதுவான, இடைவெளி விட்டு வாசிக்கும் பாட்டுகளுக்கு 8 வரைகூடப் போகலாம். 009 (0.009 அங்குலத் தடிமன்) கம்பிகளில் டிரிப் மெலிசாகத்தான் வரும். 011இல் தொடங்குங்கள், கை தாங்கினால் 012. டேல் அதைவிடத் தடித்தவற்றைக் கட்டியவர்.

மறுபதிப்பின் பெரிய குறை அதன் பவர் வால்வு. மூலப் பெட்டியில் 6கே6 இருந்தது. அந்த வால்வு தயாரிப்பில் இல்லாததால் மறுபதிப்பில் 6வி6 வைத்தார்கள். 6வி6 வலுவானது, ஸ்பிரிங்கை மூலப் பெட்டியைவிடப் பலமாக அடிக்கிறது. விளைவு, டுவெல் 5ஐத் தாண்டியதும் சத்தம் பிசுபிசுக்கத் தொடங்கி, குமிழின் மேல்பாதி கிட்டத்தட்டப் பயனற்றுப் போகிறது. சரிசெய்வது சுலபம். பழைய இருப்பிலிருந்து கிடைக்கும் 6கே6ஜிடி வால்வு அதே சாக்கெட்டில் அப்படியே உட்காரும். அதன் ஹீட்டர் 0.4 ஆம்பியர் இழுக்கிறது, 6வி6 இழுப்பது 0.45, டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை குறைகிறதே தவிர ஏறவில்லை. மாற்றிய பிறகு டுவெல் முழுச் சுற்றும் பயன்படும், டிரிப்பும் துல்லியமாகும். இந்தப் பெட்டியில் செய்யத் தக்க முதல் மாற்றம் இதுதான். பலருக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

அடுத்தது டேங்க். மாற்ற நேர்ந்தால் 4ஏபி3சி1பி என்ற எண்ணைக் கேளுங்கள். முதல் 4 நீளமான டேங்க் என்பதைக் குறிக்கிறது. ஏ என்றால் இன்புட் 8 ஓம், பி என்றால் அவுட்புட் 2250 ஓம். 3 என்பது நீளமான வால். அதற்குப் பதில் 2 போட்டால் வால் நடுத்தரமாகி, வேகமான பாட்டுகளுக்குத் தெளிவு கூடும். கடைசியில் உள்ள பி, டேங்க் திறந்த பக்கம் கீழே பார்க்கப் படுக்கையாக உட்கார வேண்டும் என்பது. இன்புட் எழுத்தைத் தவறவிட்டு வேறு ஓம் டேங்க் வாங்கினால் பெட்டி கெடாது போலத் தோன்றும், ஆனால் ரீவெர்ப் நூலிழையாகத்தான் கேட்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எண்ணைப் பார்க்காமல் ஆர்டர் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரீவெர்ப் திடீரென்று நின்றுபோனால் பதற வேண்டாம். பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டேங்கின் இரண்டு ஆர்சிஏ கேபிள்களையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து டேங்கின் இன்புட்டைத் தொட்டால் 1 ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்ட வேண்டும். அவுட்புட்டில் சுமார் 200 ஓம். ஏதாவது ஒன்றில் மீட்டர் நகரவே இல்லையென்றால் சாக்கெட்டிலிருந்து சுருளுக்குப் போகும் மயிரிழைக் கம்பி அறுந்திருக்கிறது. கை நடுங்காதவர் சன்ன முனைச் சால்டரிங் அயர்னால் ஒட்டிவிடலாம். இரண்டும் சரியாகக் காட்டினால் கேபிள்கள் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். டேங்கின் இன்புட் கேபிளைக் கழற்றிய நிலையில் பெட்டியைப் போட்டு வாசிக்காதீர்கள். சுமை இல்லாமல் பவர் வால்வு ஓடினால் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது தெரிந்தவர் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் இந்தப் பெட்டிக்கு அடிக்கடி வரும் நோய். பெரும்பாலும் குற்றம் பெட்டியுடையது அல்ல, வைத்த இடத்துடையது. டேங்கின் அவுட்புட் முனையில் இருக்கும் சுருள், பக்கத்திலுள்ள ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. பெட்டியை ஆம்பின் தலையில் ஏற்றி வைக்கும் அந்த அழகான படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு முழம் தள்ளி, தனி நாற்காலியில் வைத்தாலே பாதி இரைச்சல் அடங்கும். மீதிக்குப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரைச்சல் குறையும் கோணத்தில் நிறுத்துங்கள். ஆம்பின் மேல் வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு: சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கரின் அதிர்வு ஸ்பிரிங்கை ஆட்ட, அது மறுபடி ஆம்புக்குள் போய் ஊளையிடத் தொடங்கும். மேடைப் பலகை அதிரும் இடங்களில் அடியில் ஓரங்குல ஃபோம் போடுவது நல்லது. டிரம்மர் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ஃபுட்சுவிட்சைப் போட்டு ரீவெர்பை நிறுத்தினாலும் கிட்டார் சிக்னல் வால்வுகள் வழியாகத்தான் போகிறது. அதனால் நேராக ஆம்பில் செருகும்போது கிடைக்கும் உலர்ந்த ஒலியும் இதுவும் ஒன்றாக இருக்காது. சிலருக்கு அந்தச் சிறு மாற்றம் பிடிக்கும். பிடிக்காதவர்கள் பெட்டியை முழுவதுமாக ஒதுக்கிவிடும் ஒரு லூப் பெடல் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ப்ளூஸுக்கு வருவோம். கம்பியை இழுத்து, ஆம்பைக் கொஞ்சம் கரகரக்க விட்டு, ஒரு சுருதியை நீளமாக அழ வைப்பதுதான் ப்ளூஸ் கிட்டாரின் உயிர். அதற்கு ரீவெர்ப் பின்னணியில் ஒரு அறையாக இருந்தால் போதும், முன்னால் வந்து பேசக் கூடாது. ரீவெர்பை உள்ளேயே வைத்து ஃபெண்டர் 1963இல் கொண்டுவந்த முதல் ஆம்ப் வைப்ரோவெர்ப். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் நம்பி வாசித்த ஆம்ப்களில் அதுவும் ஒன்று. அவர் பதிவுகளைக் கேட்டால் ரீவெர்ப் இருப்பதே சட்டென்று தெரியாது. இந்தப் பெட்டியில் அந்தச் சத்தத்துக்குக் கிட்டே போக டுவெல் 2, மிக்ஸர் 3, டோன் 4. போகலாம், ஆனால் ஆம்ப் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் ரீவெர்பும் கூடவே கலங்குவதால் உள்ளமைந்த ரீவெர்பின் நேர்த்தி வராது. இதே வானும் டிக் டேலும் சேர்ந்து, தி சாண்டேஸ் குழு 1963இல் புகழ்பெறச் செய்த 'பைப்லைன்' மெட்டை 1987இல் வாசித்தார்கள். கிராமி பரிந்துரையும் கிடைத்தது. ஒரே மெட்டில் இரண்டு கைகளும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே பிரிகின்றன என்று கேட்க இதைவிட நல்ல பதிவு கிடையாது.

மாற்று வேண்டுமா? சர்ஃபிபேர் என்ற தனி ரீவெர்ப் பெட்டி முதலில் பார்க்க வேண்டியது. அதே மூன்று குமிழ்கள், உள்ளே நிஜமான ஸ்பிரிங் டேங்க், வால்வுக்குப் பதில் ஃபெட் டிரான்சிஸ்டர்கள். எடை குறைவு, அடாப்டரில் ஓடும், வால்வு மாற்றும் செலவு இல்லை. டிரிப் விஷயத்தில் மறுபதிப்புக்குச் சற்றும் குறையாது. 6வி6 போட்டபடியே இருக்கும் மறுபதிப்பைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். டிஜிட்டல் பெடல்களில் பாஸ் எஃப்ஆர்வி-1, கேட்டலின்பிரெட் டொப்பாங்கா இரண்டும் இந்தப் பெட்டியைப் பார்த்தே செய்தவை. குழுவோடு மேடையில் வாசிக்கும்போது கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தனியாக அமர்ந்து அமுக்கித் தட்டும்போது வாசிப்பவருக்குத் தெரியும்: தட்டலின் பலத்தைக் கூட்டக் கூட்ட நிஜ ஸ்பிரிங் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும், பெடல் அந்த அளவுக்கு இறங்கி வராது.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகியதும் போய்விடும். 100 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இதற்குத் தாராளம். எர்த் இணைப்போடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1960களின் மூலப் பெட்டி கிடைத்து, அதில் இரண்டு முனைக் கம்பியே இருந்தால், எர்த்தோடு மூன்று முனைக் கம்பியாக மாற்றிய பிறகே கிட்டாரைச் செருகுங்கள். கடலோர ஊர்களில் டேங்க் சாக்கெட்டும் ஸ்பிரிங் கொக்கிகளும் துருப்பிடிக்கும். விற்பவரிடம் டேங்கைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள், கொக்கிகள் பளபளவென்று இருக்க வேண்டும். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் பெட்டியைப் போட்டு, மிக்ஸரை ஏற்றி, பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். இடி இடித்ததுபோல் முழங்கி மெல்ல அடங்கினால் டேங்க் நலமாக இருக்கிறது. முழக்கம் வராமல் 'டிங்' என்று மட்டும் கேட்டால் ஒரு ஸ்பிரிங் கழன்றிருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். பென்சிலால் வால்வுகளை லேசாகத் தட்டும்போது மணிபோல் ஒலிப்பது எதுவோ அந்த வால்வை மாற்ற வேண்டும். அதன் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.